தோ வா மச்சான்

...இல்லை, இந்த ஊரில் தோ என்றால் இதோ என்றுதான் அர்த்தம், அதை எனக்கு விளக்கிச் சொன்னவனே அவன்தான், எங்கள் சங்கரன்கோவில் பக்கம் தோ தோ என்றால் நாயைக் கூப்பிடுவது, வேறு எதற்கும் அந்தச் சொல் கிடையாது, அதனால்தான் ஒரகடத்துக்கு வந்து கார் சீட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், லைன் லீடர் என்று ஒருவன் தூரத்தில் நின்று கையை ஆட்டி 'தோ, தோ, இங்க வா' என்றபோது எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது, நேராகப் போய்ச் சட்டையைப் பிடித்துவிட்டேன், 'யார நாயின்னு நெனச்சிக் கூப்புடுதீரு' என்று கேட்டதும் பக்கத்தில் வேலை செய்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள், அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, 'இன்னாபா சொல்ற, நாய் எங்க கீது' என்று சுற்றுமுற்றும் பார்த்தான், பாவம், உண்மையாகவே நாயைத் தேடினான். விஷயம் விளங்கியதும் அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அந்தச் சிரிப்பில்தான் நான் விழுந்தேன். நரசிம்மன். பக்கத்து மண்ணூர்க்காரன். அன்றிலிருந்து என்னைக் கேலிக்குக் கூப்பிடுவதென்றால் 'தோ வா பேச்சி' என்றுதான், பேச்சிராஜ் என்கிற முழுப்பேரை அவன் சொல்லி நான் கேட்டதில்லை, கோபமும் வராது, அவன் கூப்பிட்டால் வராது, வேறு எவனாவது அப்படிக் கூப்பிட்டுப் பார்க்கட்டும்... இன்று காலையிலும் அப்படித்தான் கூப்பிட்டான். கார் சீட்டுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன், தோளில் கை வைத்தான், 'தோ வா மச்சான், டிரெய்னிங் ஹால்ல சின்னதா ஒரு மீட்டிங், டீ குட்ச்சிட்டு வந்துடலாம்' என்றான். வந்துடலாம் என்றான், என்னமோ அவனும் கூட வந்து உட்காரப்போகிற மாதிரி. நான் கையுறையைக் கழற்றி சீட்டின் மேலேயே வைத்துவிட்டு வந்தேன், திரும்பி வரப்போகிறவன் அங்கேதானே வைப்பான்.

இங்கே ஏசி ஓடுகிறது. லைனில் ஒரு மின்விசிறிக்கு அடித்துக்கொள்கிறோம், இங்கே குளிர் தாங்கவில்லை. உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோருமே மஞ்சள் தொப்பி, மஞ்சள் என்றால் காண்ட்ராக்ட், நீலம் என்றால் பர்மனெண்ட், ஒரு நீலத் தொப்பிகூட இல்லை. உள்ளே நுழைந்தபோதே அதைக் கவனித்தேன், கவனித்தும் மனசு தனக்குச் சாதகமாக ஒரு காரணம் சொல்லிக்கொண்டது, நம்மைப் பர்மனெண்ட் ஆக்கப்போகிறார்கள், அதனால்தான் நம்மை மட்டும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று. நரசிம்மன்தான் பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தானே, 'உன் பேரத்தான் மச்சான் மொதல்ல குட்த்துருக்கன்' என்று. அதை நம்பித்தான் ஊரில் மாமாவிடம் பேசினேன், இந்த வருஷம் ஆகிவிடும் மாமா என்று, பர்மனெண்ட் ஆன பிறகுதான் மகள் மாரிசெல்வியைக் கொடுப்பேன் என்பது அவர் பேச்சு, அவளும் தினமும் போனில் 'ஆயிட்டா?' என்கிறாள், வேறு எதுவும் கேட்பதில்லை, சாப்பிட்டாயா என்பதற்குப் பதில் ஆயிட்டா... மேஜையில் காகிதக் கப்பில் டீ, தட்டு நிறைய குளுக்கோஸ் பிஸ்கட். உள்கதவு திறக்கும், ஒரு பேரைக் கூப்பிடுவார்கள், போகிறவன் போவான், கதவு சாத்திக்கொள்ளும், அவ்வளவுதான், அவன் இந்தக் கதவு வழியாக வெளியே வருவதில்லை. ஜோயல் போனான், இருங்காட்டுக்கோட்டை அறையில் நானும் அவனும் பக்கத்துப் பக்கத்துப் பாய், அவன் நாசரேத் பக்கம், 'எண்ணே, என் டீய யாரும் எடுத்துராம பாத்துக்கிடுங்க, வந்து குடிக்கேன்' என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் டீயில் ஆடை படிந்துவிட்டது. நான் இன்னும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சொன்னான் அல்லவா.

இதே ஹால்தான். மழைக்காலத்தில் ஒரு நாள் கோட்டுப் போட்ட ஒருவரை வரவழைத்து எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள், வாழ்க்கையில் உயர்வது எப்படி என்று, கையில் மைக்கை வைத்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார், மனிதனுக்கும் விலங்குக்கும் என்ன வித்தியாசம், யார் சொல்கிறீர்கள் என்று கேட்டார். ஜோயல் எழுந்து ஜெபம் என்றான். யாரோ சமையல் என்றார்கள். நான் சிரிப்பு என்றேன், நரசிம்மன் நாயைத் தேடிவிட்டுச் சிரித்த அந்தச் சிரிப்புதான் அப்போது ஞாபகத்தில் இருந்தது. கோட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, திட்டம் என்றார், விலங்குக்கு ஐந்தறிவு, பசித்தால் தின்னும், தூக்கம் வந்தால் தூங்கும், மனிதன் நாளைக்கு என்ன என்று இன்றைக்கே யோசித்து வைக்கிறான், அதுதான் ஆறாவது அறிவு, அதனால்தான் அவன் எல்லா ஜீவனுக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறான் என்றார். கை தட்டினோம். பதில் சொன்னதற்காக எனக்கு ஒரு பேனாவும் கொடுத்தார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் மனுஷன், யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள், நாங்கள் நுழைந்தபோதே இந்த அறை சில்லென்று இருந்தது, அப்படியென்றால் எங்களைக் கூப்பிடுவதற்கு வெகுநேரம் முன்பே யாரோ ஏசியைப் போட்டு வைத்திருக்கிறார்கள், கேண்டீனில் இத்தனை டீ என்று சொல்லி வைத்திருக்கிறார்கள், அப்போது நான் அங்கே எதுவும் தெரியாமல் உறை மாட்டிக்கொண்டிருந்தேன், ஒரு மடிப்பு சரியாக விழவில்லை என்று கழற்றி மறுபடியும் மாட்டினேன். எதற்கு மாட்டினேன்?

ஆனால் விலங்கு திட்டம் போடாது என்று அவருக்கு யார் சொன்னது, எங்கள் ஓட்டியைப் பார்த்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார். ஓட்டி கம்பெனி நாய், செம்பட்டை, ஒரு காது மடிந்திருக்கும், ஷிப்ட் முடிந்து எல்லோரும் பஸ் ஏறிய பிறகும் ஓ.டி. பார்க்கிறவர்களோடு கேண்டீன் பின்னால் தங்கிவிடும், அதனால் ஓ.டி. என்று பேர் வைத்தோம், கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓட்டி ஆகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஆள் எவனாவது கண்ணில் பட்டால் போதும், முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டும், அவன் மனம் கசிந்து இட்லியைப் போட்டதும் கவ்விக்கொண்டு நாலு காலில் பறக்கும். எங்களிடம் நொண்டாது, இவர்கள் நம்மைத் தெரிந்தவர்கள் என்று அதற்குத் தெரியும். ஆக, பொய்யும் அதற்குத் தெரியும், நாய்க்குச் சூது கிடையாது என்று சும்மா சொல்கிறார்கள், சூது உண்டு, ஆனால் இட்லி அளவுக்குத்தான், அதையும் தன் சொந்தக் காலை வைத்துத்தான் செய்தது, இன்னொருத்தன் குரலைக் கடன் வாங்கிச் செய்யவில்லை... என் குரல். இந்த ஊர்க்காரர்கள் நாக்கைச் சுண்டி ச்சு ச்சு என்று கூப்பிட்டால் ஓட்டி திரும்பிக்கூடப் பார்க்காது, நான் தோ தோ என்றால் எங்கிருந்தாலும் வரும், வந்து முழங்காலில் முகத்தை முட்டும். நரசிம்மனுக்கு அதில் ஒரே வேடிக்கை, 'தோ தோன்னா ஒண்ணு நீ வர, இல்ல உன் நாய் வருது' என்பான். நானும் சேர்ந்து சிரித்தேன், இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

போன மாதம் வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்று சுவருக்கெல்லாம் பெயிண்ட் அடித்தார்கள், மஞ்சள் கோடு போட்டார்கள், செடி கொண்டுவந்து வைத்தார்கள், நாய் இருக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள், அது எனக்குத் தெரியாது. வேன் வந்தது, மற்ற நாய்களை வலை போட்டுப் பிடித்துவிட்டார்கள், ஓட்டி மட்டும் பாய்லர் அறைக்குப் பின்னால் புகுந்துகொண்டது, ஆளுக்கு ஒரு பக்கம் விரட்டியும் சிக்கவில்லை. நரசிம்மன் லைனுக்கு வந்து என்னிடம் சொன்னான், 'ஊசி போடத்தான் மச்சான், போட்டுக்கினு சாய்ங்காலம் இங்கியே கொண்டாந்து வுட்ருவானுங்கோ, ஒண்ணியும் ஆவாது, நீ கூப்ட்டாத்தான் அது வரும்.' நான் நம்பினேன், ஏன் நம்பக் கூடாது, ஊசி நல்லதுதானே என்று கூட நினைத்தேன், அவனே என் கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்தான், பின்னால் போய் உட்கார்ந்து தோ தோ என்றேன். வந்தது. வாலை ஆட்டிக்கொண்டு வந்தது, கூண்டுக்குள் பிஸ்கட்டைப் போட்டேன், ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தது, நான் போ என்றேன், போயிற்று. சாயங்காலம் வேன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கேட்டால், 'வாலாஜாபாத் தாண்டி எங்கியோ வுட்டுட்டானுங்களாம், மேல இருந்து ஆர்டர், நான் இன்னா பண்றது, ஒரு நாய்க்கு இவ்ளோ பீல் பண்ற' என்றான். முதலிலேயே தெரியுமா உனக்கு என்று கேட்டேன். என் தோளைத் தட்டினான். அந்தத் தட்டலோடு நான் அதை விட்டுவிட்டேன், ஒரு நாய்தானே என்று, நாயை ஏமாற்றியவன் மனுஷனை ஏமாற்ற மாட்டான் என்று எந்த அறிவு எனக்குச் சொன்னது?

ஓட்டி வந்துவிட்டது. எந்த வழியாக வந்ததோ, லாரி ஓடும் அந்த ரோட்டில் எப்படி நடந்ததோ, ஒரு காலையில் பஸ் இறங்கும்போது பார்க்கிறேன், கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில் படுத்திருக்கிறது, எலும்பு தெரிய. அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். தோ தோ என்றேன். தலையைத் தூக்கியது, என்னைப் பார்த்தது, வால் ஒரு தடவை ஆடியது, ஆடிவிட்டு நின்றது. வரவில்லை. பிஸ்கட்டை நீட்டினேன், எழுந்து இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. கால் நொண்டியது, அது நிஜ நொண்டலா பழைய நொண்டலா என்று என்னால் சொல்ல முடியவில்லை, என்னிடம் அது நொண்டியதே இல்லை, இப்போது என்னையும் புது ஆளாக்கிவிட்டதோ என்னவோ. கேண்டீனில் பாத்திரம் கழுவும் கங்கா அக்கா போட்டால் தின்கிறது, செக்யூரிட்டி போட்டால் தின்கிறது. நான் தினமும் தோ தோ என்று நிற்பதைப் பார்த்துவிட்டு கங்கா அக்கா ஒரு நாள் சொன்னாள், 'உன்கிட்ட இனிமே வராதுபா, வுட்டுடு. அதுக்கு அஞ்சறிவுதான், ஆனா அஞ்சும் ஒயுங்கா வேல செய்யுது.' எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன வேண்டுமென்றா செய்தேன், என்னிடமும்தான் நரசிம்மன் பொய் சொன்னான், அதை நாய்க்கு எப்படிச் சொல்வது, எனக்கும் தெரியாது ஓட்டி என்று சொல்ல ஒரு பாஷையும் இல்லையே. பேச்சு என்று ஒன்று நமக்கு இருக்கிறது, பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், பொய் சொல்ல வேண்டிய நேரத்தில் அது வந்து உதவியது, உண்மை சொல்ல வேண்டிய நேரத்தில் உதவவில்லை.

உள்கதவு திறக்கிறது, இன்னொருத்தன் போகிறான், போகும்போது ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போகிறான். நானும் தின்றிருக்கிறேன், கையில் பாதி மிச்சம் இருக்கிறது, எப்போது எடுத்தேன் என்றே தெரியவில்லை. எங்கள் ஊர்க் கோவில் கொடையில் கெடா வெட்டுவதற்கு முன்னால் அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள், அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, ஆடும் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம், சிலிர்க்காவிட்டால் வெட்ட மாட்டார்கள், மறுபடியும் தெளிப்பார்கள். தண்ணீர் பட்டால் எந்த ஆடுதான் சிலிர்க்காது, அதைச் சம்மதம் என்று சொல்லத்தான் ஆறாவது அறிவு வேண்டியிருக்கிறது. டீ குட்ச்சிட்டு வந்துடலாம் என்றான், நான் தலையாட்டினேன். போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பாடு, அவன் மனைவி பிரவீனா அக்கா கறியை அள்ளி அள்ளி வைத்தாள், போதும்க்கா என்றாலும் விடவில்லை, 'நல்லா சாப்புடு பேச்சி' என்றாள், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அப்படியானால் அவளுக்கும் தெரியும். தனக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லை என்று என்னைத்தானே தாய்மாமன் ஆக்கினாள், என் மடியில்தானே அவர்கள் பிள்ளை அறிவுமதியை உட்கார வைத்துக் காது குத்தினார்கள், ஊசியைப் பார்த்துவிட்டுப் பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டது, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று நான்தான் இறுக்கிப் பிடித்தேன், அன்றைக்குத்தானே நரசிம்மன் எனக்கு மச்சான் ஆனான். குத்தி முடித்ததும் பிள்ளை அழுதுகொண்டே என் தோளில்தான் படுத்தது, ஓட்டி மாதிரி விலகிப் போகவில்லை, மனுஷப் பிள்ளை அல்லவா, வலித்த இடத்திலேயே ஆறுதலும் தேடுகிறது...

ஜன்னல் வழியாகக் கம்பெனி கேட் தெரிகிறது. செக்யூரிட்டி ஒரு தள்ளுவண்டியில் பைகளைக் கொண்டுவந்து வரிசையாகச் சுவரோரம் வைக்கிறான். ஜோயல் பை, அதன் சிலுவைச் சாவிக்கொத்து ஆடுகிறது, ஜோயல் அதன் பக்கத்திலேயே நிற்கிறான், தலையில் தொப்பி இல்லை. அதற்கடுத்து நீலப் பை, வார் அறுந்து நான் சணல் போட்டுக் கட்டிய நீலப் பை. என் பை. என் பை அங்கே எப்படிப் போனது, நான் இன்னும் இங்கே இருக்கிறேனே, லாக்கரில் வைத்துப் பூட்டுப் போட்டிருந்தேனே... மற்றவன் பூட்டையெல்லாம் உடைத்திருப்பார்கள், என் பூட்டை உடைக்க வேண்டியதில்லை, கெட்டுப்போன பூட்டு, கீழே இழுத்து இடது பக்கம் ஆட்டினால் வந்துவிடும், அது என்னைத் தவிர ஒருவனுக்குத்தான் தெரியும், மழையில் நனைந்து நின்ற ஒரு நாள் என் சட்டையை எடுத்துக்கொள் என்று நானே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். தன் கையாலேயே என் பூட்டைத் திறந்திருக்கிறான். பையைத் தூக்கும்போது உள்ளே சாப்பாடு இருப்பது கனத்தில் தெரிந்திருக்கும். தெரிந்துதான் வண்டியில் நேராக வைத்து அனுப்பியிருக்கிறான், கவிழ்ந்துவிடாமல், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை, அந்த அக்கறை. பழிகாரப் பாவி, தூக்கி எறிந்திருக்கலாமே நீ.

டீக்கடைப் பெஞ்சடியில் ஓட்டி படுத்திருக்கிறது. பைகளை மோந்து பார்க்கக்கூட வரவில்லை, ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்க்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவைதான் ஏமாந்தது. எனக்கு வேன் போன அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும், தோளைத் தட்டியபோது தெரிந்திருக்க வேண்டும், பிரவீனா அக்கா குனிந்துகொண்டே கறி வைத்தபோது தெரிந்திருக்க வேண்டும், மஞ்சள் தொப்பிகளைப் பார்த்தபோது, சில்லென்ற காற்று முகத்தில் பட்டபோது, உள்ளே போன ஜோயல் திரும்பி வராதபோது... ஆறு அறிவுக்கும் ஆறு தடவை சொல்லப்பட்டாயிற்று. சரி, இனி இல்லை. கூப்பிடட்டும். நான் எழுந்திருக்கப்போவதில்லை, ஓட்டி உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து பார்ப்பேன், நீ வந்து என் முன்னால் நின்று சொல், என் முகத்தைப் பார்த்துச் சொல், ஊசி என்று சொல்லாதே, மீட்டிங் என்று சொல்லாதே, உன்னை வெளியே அனுப்புகிறோம் என்று வாயால் சொல். அது வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு அசைய மாட்டேன். காலைத் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டேன்.

கதவு திறந்தது. இத்தனை நேரமும் கூப்பிட்டது ஹெச்.ஆர். பெண், இந்தத் தடவை அவனே வந்து நிற்கிறான், நீலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்க்கிறான், பிறகு ஜோயலின் ஆறிப்போன டீயைப் பார்க்கிறான். கனைத்துக்கொள்கிறான். 'தோ' என்றான். நின்றான். மறுபடியும், 'தோ... வா மச்சான்.'

இரண்டு தடவை சொன்னான். இதோ என்பதற்கு ஒரு தடவை போதாதா, அவன் ஊரில் எதற்கு இரண்டு தடவை சொல்வார்கள், எந்தத் தோ இது, என் ஊர்த் தோவா உன் ஊர்த் தோவா, கேட்டுவிட வேண்டும், முதல் நாள் கேட்ட மாதிரி சட்டையைப் பிடித்துக் கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவன் முகம் எனக்கு நேராக, மிகப் பக்கத்தில் இருந்தது. உட்கார்ந்திருந்தால் அது அவ்வளவு பக்கத்தில் இருக்க முடியாது. பாதி பிஸ்கட்டோடு நான் கதவு வரைக்கும் வந்து நின்றிருந்தேன்.